டம்ளர் வேர்க்கும் நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாம் வகுப்புக்கு அடுத்த வாரம் திண்மம், திரவம், வாயு எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். கரும்பலகையில் முதலில் எதை எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். எதையும் எழுதாதே. அந்த மூன்று சொற்களும் இரண்டு நாள் கழித்து வரட்டும்.

முதல் நாள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஐஸ்கட்டி போடு. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மேசைமேல் வை. கொஞ்ச நேரத்தில் ஐஸ் போட்ட டம்ளர் வேர்க்கும். "டம்ளர் ஒழுகுது" என்று ஒரு பிள்ளை சொல்லும். காற்றிலுள்ள நீராவிதான் குளிர்ந்து படிகிறது என்று உடனே சொல்லிவிட உனக்கு நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள். எட்டு வயதில் ஒழுகுகிறது என்பது நல்ல ஊகம். அதற்குரிய மரியாதையைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் ஐஸ் தண்ணீரில் சிவப்பு மை கலந்துவிடு. டம்ளர் வேர்த்ததும், ஒழுகுகிறது என்று சொன்ன பிள்ளையையே கூப்பிட்டு வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல். துணி நனையும், சிவக்காது. "அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர்களே கேட்பார்கள். நீராவி என்ற சொல்லை அப்போது சொல். அதுவரை பொறு.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரவம் பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும் என்று வகுப்பையே ஒப்பிக்க வைத்தேன். ஒரு சிறுமி எழுந்து, "சர்க்கரையும் டப்பா மாதிரிதானே ஆகுது, அது திரவமா மிஸ்?" என்றாள். திண்மம்தான், உட்கார் என்றேன். அந்த வருடம் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு லென்ஸைக் கையில் கொடுத்திருந்தால் போதும். ஒவ்வொரு பரலும் தன் மூலைகளை விடாமல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பாள். தட்டில் கொட்டினால் சர்க்கரை குவியும், தண்ணீர் பரவும். இன்றும் அது எனக்கு உறுத்தல்.

அடுத்து, நீராவிக்காகக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வை. கொதிநீரை நீ மட்டுமே கையாள்; பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். கெட்டில் மூக்கை ஒட்டி ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும் சிறு இடைவெளியைக் காட்டு. நீராவி இருப்பது அங்கேதான். அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பொடிப்பொடி நீர்த்துளிகள். வெள்ளைப் புகையைத்தான் நீராவி என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் கொதித்து ஆவியானால் 1,600 லிட்டருக்கும் அதிகமாக இடம் கேட்கும். வீட்டில் இட்லிப் பானையின் மூடி ஏன் துள்ளுகிறது என்று கேட்டுப் பார்.

சோதனைகளை அடுக்காதே. 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இளையோருக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் ஒரு மெழுகுவத்திதான் பொருள். திண்மமான மெழுகு உருகித் திரி வழியாக ஏறி, ஆவியாகி எரிகிறது. மூன்று நிலைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி பிறந்ததும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்துவிடு. காலையில் முதலில் வருகிற பிள்ளை அதைப் பார்த்து, கண்டதைத் தன் சொல்லிலேயே நோட்டில் எழுதட்டும். "எண்ணெய் தூங்குது" என்று எழுதினால் திருத்தாதே. மத்தியானம் வெயில் ஏறியதும் அதே பிள்ளையை மறுபடி பார்க்கச் சொல்.

அன்புடன்,
அக்கா