மூளைக்குள் வைரஸ் போகும் வழி

விருத்தாசலம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிதான் இதை எழுத வைத்தது. "மூளைக்குள் நுழைந்த வைரஸ் இரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போய்விடும், அப்படித்தானே ஐயா?" என்று கேட்டிருந்தாய். அப்படி அல்ல. 'மூளையைத் தின்னும் வைரஸ்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் எழுதுவதைப் படித்துப் படித்து வந்த குழப்பம் இது. வைரஸுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. எழுதுகிறவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

வெறிநாய்க்கடி வைரஸை எடுத்துக்கொள். கடிபட்ட தசையிலிருந்து நரம்பு முனைக்குள் புகுந்ததும், நியூரான் என்ற நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானுக்குள் ஓடும் நுண்குழல்களின் மேல் டைனீன் என்ற மோட்டார் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. முனையிலிருந்து செல் உடலுக்குச் சரக்கு கொண்டுவருவது டைனீனின் அன்றாட வேலை. அந்தச் சரக்கோடு வைரஸும் வந்து சேர்கிறது. அங்கே பெருகியபின், இந்த நியூரானுக்குச் செய்தி அனுப்பும் நியூரானின் முனைக்குள் சினாப்ஸ் என்ற இணைப்பு வழியாக நுழைகிறது. செய்தி வரும் திசைக்கு நேர் எதிராக, சினாப்ஸ் சினாப்ஸாக ஏறுகிறது. பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் நியூரானானாலும், இணைப்பு இல்லையென்றால் அதற்குத் தாவுவதில்லை. செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறுவதும் இல்லை. அதனால்தான் இறந்தவரின் மூளையைச் சோதித்தால், அவர் பட்ட பாட்டுக்கு ஈடான சிதைவு தெரிவதில்லை. 1903இல் இத்தாலியர் நெக்ரி இந்த நோய் தாக்கிய மூளைகளில் கண்டவை நியூரான்களுக்குள் இருந்த சிறு உருண்டைகள்தான்.

இந்த ஒழுங்கையே ஆராய்ச்சிக் கருவியாக்கினார்கள் என்பதை நினைத்துப் பார்! 2007இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில் விக்கர்ஷாம், கேலவே குழுவினர் வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிவிட்டு, ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்தார்கள். அந்த மேலுறைப் புரதம் இல்லாமல் வைரஸ் அடுத்த செல்லுக்குப் போக முடியாது. தாங்கள் தேர்ந்தெடுத்த நியூரானில் மட்டும் அந்தப் புரதத்தைக் கிடைக்கச் செய்தார்கள். வைரஸ் ஒரே ஒரு சினாப்ஸைக் கடந்து நின்றது. அந்த நியூரானும் அதனோடு பேசுகிற செல்களும் மட்டும் ஒளிர்ந்தன. யார் யாரோடு பேசுகிறார் என்ற வரைபடத்தைக் கொல்லும் வைரஸே வரைந்து கொடுத்தது. இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை. பால் டி க்ரைஃபின் 'மைக்ரோப் ஹன்டர்ஸ்' புத்தகத்தில் பாஸ்டர் பற்றிய பகுதியையும் நீ படி. வைரஸைக் கண்ணால் காணாமலே, அதன் வீடு நரம்புமண்டலம் என்று கண்டு, முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தடுப்பூசி செய்தவர் அவர்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் நம்மூரிலேயே கள நிலையம் வைத்து, அந்தி நேரத்தில் மாட்டுக்கொட்டகைகளைச் சுற்றிக் கொசு பிடித்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை ஆராயத்தான். நெல்வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. இந்தியாவில் இந்த நோய் முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூரில். நீ சொன்ன இரத்தம் இங்கே உண்டு, ஆனால் மூளையின் வாசல் வரைக்கும்தான். உள்ளே போன வைரஸ் நியூரானின் உட்சவ்வுகளில் உருவாகி, செல் தன் சுரப்புகளை வெளியனுப்பும் பைகளிலேயே வெளியேறுகிறது. பக்கத்து நியூரான் அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. வெறிநாய்க்கடி வைரஸைப் போல இணைப்பைத் தேடி ஏறும் கண்டிப்பு இதற்கு இல்லை. சேதத்தில் ஒரு பெரும்பங்கு வைரஸுடையதும் அல்ல. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா மிதமிஞ்சிக் கொந்தளித்து, நோய் தொடாத நியூரான்களையும் கொன்றுவிடுகின்றன. தலாமஸ் பகுதி அதிகம் அடிபடுகிறது. பிழைத்த பிள்ளைகள் பலருக்குக் கைகால் இறுக்கமும் நடுக்கமும் நிலைத்துவிடுவது இதனால்தான்.

இந்த வைரஸை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை, தடுப்பூசி இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்தில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. உன் அக்கா குழந்தைக்கு இரண்டும் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்