பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்தல்: எதைத் தேர்வது, எவ்வளவு செய்வது

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், தருமபுரத்தையும் நெத்தலியாற்றையும் சூழ்ந்த ஊர்களிலிருந்து விசுவமடு வரையில், வளவுக்குள் இருக்கும் தகரக் கொட்டிலின் மூலையிலே சாக்கினால் மூடப்பட்ட பழைய ஹொண்டா ஒன்று கிடப்பது அபூர்வமான காட்சியன்று. அதனை மீண்டும் ஓடச் செய்யவேண்டும் என்ற ஆசை வீட்டிலுள்ள இளைஞர் ஒருவருக்கு உதிக்கும்போது, அவர் முதலில் ஸ்பானர்களைத் தேடுகிறார். சிலர் அதற்கும் முன்பே வர்ணத்தைத் தேர்ந்துவிடுகின்றனர். ஆனால் இந்தப் பிரதேசத்தில், எந்த வண்டியை எடுப்பது, அதில் எவ்வளவு வேலை செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கூறவல்லவை வேறு இரண்டு விஷயங்களாகும்: ஒன்று அதன் பதிவுப் புத்தகம், மற்றது, யுத்த காலத்தில் அது குடித்த எண்ணெய்.

புத்தகத்தை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எரிபொருள் அட்டை முறை நடைமுறைக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு செய்யப்பட்டபோது, வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிவு செய்யக்கூடியவர்களே அந்தப் பங்கைப் பெற்றனர்; எவ்வளவு நேர்த்தியாகத் திருத்தப்பட்ட எஞ்சினாயினும், பத்திரமில்லாத வண்டிக்கு அட்டை கிடைக்கவில்லை. ஆகவே, விலை குறைந்த, பளபளப்பான, ஆனால் புத்தகமில்லாத வண்டியும், துருவேறிய, ஆனால் புத்தகமுள்ள வண்டியும் எதிரெதிரே நின்றால், இரண்டாவதையே தயக்கமின்றி எடுக்கவேண்டும். செசியிலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்களை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரத்தின் தடம் தெரிந்தால் அந்தப் பேரத்தை அவ்விடத்திலேயே விட்டுவிடுங்கள். பற்றைக்குள் கிடக்கும் வண்டியை இழுத்துவர எண்ணுவோருக்கும் ஒரு சொல்: கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதாக உறுதியாகத் தெரியாத நிலத்தினுள் எந்த இயந்திரத்துக்காகவும் கால் வைத்தல் ஆகாது.

இனி, எந்த வண்டி என்பதைப் பார்ப்போம். நம்முடைய கொட்டில்களில் பெரும்பாலும் கிடைப்பவை ஹொண்டாவின் சீ50, சீ70, சீ90 என்னும் குடும்பமும், அதன் கிளையான எம்டி90 உம், இரட்டைச் சிலிண்டர் கொண்ட சீடி125, சீடி200 என்பனவும் ஆகும். முதற் குடும்பத்தின் மூலவடிவம் 1958 இல் யப்பானில் வெளிவந்தது; அக்குடும்பம் 2017 ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி வண்டிகள் என்னும் எண்ணிக்கையை எட்டியது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் இந்த அளவிற் செய்யப்பட்டதில்லை. இதனால் நமக்கு விளையும் பிரயோசனம் யாதெனில், பிஸ்டனும் றிங்கும் செயினும் கார்பரேட்டரும் யப்பானியத் தயாரிப்பாகவோ, தாய்லாந்து, சீனத் தயாரிப்பாகவோ இன்றும் கிடைக்கின்றன என்பதே. எம்டி90, யப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட செந்நிற வண்டி. பாரம் ஏற்றி, நாள்தோறும் நின்று நின்று செல்வதற்கென்றே வகுக்கப்பட்டமையால், பின் தட்டில் ஒரு மூட்டை உரத்தைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறவருக்கு அதனினும் பொருத்தமான பழைய வண்டி இல்லையென்பது என் துணிபு. ஆயினும் அதன் சக்கரம் 14 அங்குலமே. சீ90 இன் 17 அங்குலச் சக்கரம், மாரி காலத்தில் பள்ளம் விழும் கிறவல் ஒழுங்கைகளில் அதிகம் நிதானமாகச் செல்லும்.

சீடி125 உம் சீடி200 உம் ஓட்டுவதற்கு இனியவை. அவற்றின் நாதத்துக்காகவே அவற்றை விரும்புவோர் உளர். எனினும் இரண்டு சிலிண்டர் என்றால் பிஸ்டன் இரண்டு, றிங் இரண்டு தொகுதி, வால்வு நான்கு. செலவு ஏறத்தாழ இரட்டிக்கும், உதிரிப்பாகமோ அருகிக்கொண்டே வருகிறது. முதன்முதலாக ஓர் எஞ்சினைக் கழற்றுகிறவர் அதிலே தொடங்குதல் உசிதமன்று. 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகிவந்த புல்லட்டைப் பற்றியும் சிலர் வினவுவதுண்டு. அது கம்பீரமான வண்டி, ஆனால் நமது சுற்றாடலில் அதன் கைவேலை தெரிந்தவரையும் பாகத்தையும் தேடியலைய வேண்டியிருக்கும்.

இப்பொழுது எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். சற்று நின்று ஆராயவேண்டிய இடம் இதுவே. 1990 இல் மீண்டும் யுத்தம் மூண்டு, வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்ட பின்னர், 2002 இல் ஏ9 வீதி திறக்கும்வரையில், நம்முடைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறு போத்தலில் சேமித்த பெற்றோலிற் சில துளியைக் கார்பரேட்டருக்கு ஊட்டி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அந்தச் சாமர்த்தியம் இல்லாதிருந்தால், நோயாளர் பலர் ஆஸ்பத்திரியை அடைந்திருக்க மாட்டார்கள். ஆனால் எஞ்சின் அதற்குரிய விலையைக் கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலுள்ள எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த ஒயில், தனி வடிகட்டி எதுவுமற்ற இச்சிறு எஞ்சினில், கொன்றொட்டின் அடிப் பெயாரிங்கையும், தலையினுள்ளே கேம் தண்டு சுழலும் இடத்தையும் தேய்த்துவிடுகிறது. மேலே வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி படிகிறது. ஆதலின், அக்காலத்தில் ஓடிய வண்டியை, பிளக்கை மாற்றிக் கார்பரேட்டரைக் கழுவி எழுப்பிவிடலாம் என்று நம்புதல் தவறு. எஞ்சின் எழும்பும், சில மாதங்களில் அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்கும்.

தலையைக் கழற்றிச் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால், றிங் மாத்திரம் மாற்றும் தேர்வு முடிந்துவிட்டது, போர் செய்யவேண்டும், அதாவது சிலிண்டரின் துளையைப் பெருப்பிக்கவேண்டும். 0.25 மில்லிமீற்றரில் தொடங்கி 1.00 மில்லிமீற்றர் வரை, நான்கு படிகளில் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். முதலிற் பிஸ்டனை வாங்கி, அதனைச் சிலிண்டரோடு சேர்த்தே லேத்காரரிடம் கொடுங்கள். அவர் பிஸ்டனை அளந்து துளையைப் பெருப்பிக்கவேண்டுமேயன்றி, துளைக்குப் பின்னர் பிஸ்டனைத் தேடுதல் ஆகாது. சீ90 என்ற ஒரே பெயரில், பழைய எஞ்சினின் உள்விட்டம் 50 மில்லிமீற்றராகவும், பிற்காலத்தது 47 மில்லிமீற்றராகவும் இருப்பதால், கடைக்குப் போகுமுன் அளவெடுத்தல் அவசியம். கார்பரேட்டர் ஜெற்றின் துளை கம்பியினாற் குடைந்து பெருப்பிக்கப்பட்டிருக்கக்கூடும். ஐயமிருந்தால் இலக்கம் பொறித்த புதிய ஜெற்றையே போடுங்கள்.

இவ்வளவு பிரயாசைக்குப் பதிலாக, அதே துளைகளிற் பொருந்தும் சீனத்து 110 எஞ்சினை மாற்றிவிடலாமே என்று கேட்பவருக்கு நியாயமில்லாமலில்லை. கொன்றொட்டும் போய், தலையும் தேய்ந்து, போர் செய்யவும் இடமில்லாத வண்டிக்கு அதுவே சிக்கனமான வழி. ஆனால் எஞ்சின் இலக்கம் மாறுவதால், பதிவில் அம்மாற்றத்தை முறைப்படி செய்வித்தல் வேண்டும். அதைச் செய்யாதவர், தாம் காப்பாற்றிய புத்தகத்தையே பயனற்றதாக்குகிறார். சிலிண்டரும் பிஸ்டனும் மட்டும் கெட்டிருக்கும் எஞ்சினை எறிந்துவிடுவதை நான் ஒப்பமாட்டேன்.

மின்சார விஷயத்தில் என் அபிப்பிராயம் திட்டமானது. 6 வோல்ற்றுப் பழைய வண்டியை அதன் பூர்வ நிலையிலேயே வைத்திருக்கவேண்டும் என்ற விருப்பத்தை மதிக்கிறேன்; பகலில் மட்டும் ஓடுவதாயின் அவ்வாறே வைத்து, பொயின்ற் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் பேணி வந்தால் போதும். இரவில் ஓடுவதாயின் 12 வோல்ற்றுக்கு மாற்றுங்கள். கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் வீதியில் மங்கலான வெளிச்சத்தோடு செல்வது பிராண ஆபத்து.

வர்ணம் கடைசி விஷயம். எஞ்சினைத் தொடாது வர்ணத்திற் பணத்தைக் கொட்டுதல், மூலஸ்தானம் ஒழுகிக்கொண்டிருக்கக் கோபுரத்துக்குப் பூச்சுப் பூசுவதை ஒக்கும். தாங்கியின் உட்புறத் துருவை வினாகிரி ஊற்றி ஊறவைத்து, அப்பச் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் முற்றாக உலர்த்துங்கள். பெற்றோல் இருந்த தாங்கியை ஒட்டுவேலைக்குக் கொடுக்குமுன் ஆவி சிறிதும் இல்லாதவாறு கழுவவேண்டும். பிறேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய சூக்களில் கல்நார் இருக்கலாம்.

இவையெல்லாவற்றுக்கும் புறம்பான வண்டியும் இங்கே உண்டு. 2009 தை மாதத்தில் விசுவமடுவை விட்டுக் கிழக்கே பெயர்ந்தவர்களின் வண்டிகள் பல வழியிலேயே விடப்பட்டன. தப்பி வீட்டுக்குத் திரும்பிய சிலவற்றின் புத்தகத்தில், திரும்பி வராதவரின் பெயர் இருக்கிறது. அத்தகைய வண்டியை எடுக்கும் பிள்ளைக்கு நான் கூறக்கூடியது, அதனைப் புதுப்பிக்காமற் பாதுகாக்கலாம் என்பதே. பெற்றோலையும் பழைய ஒயிலையும் வடித்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி புது ஒயிலை விட்டுக் கிக்கரை மெல்ல நான்கைந்து முறை மிதித்து, சக்கரங்கள் நிலத்திற் படாதவாறு கட்டையில் உயர்த்தி, காற்றுப் புகும் துணியால் மூடிவிட்டால் அது பல்லாண்டு கெடாது கிடக்கும். சிராய்ப்பையும் கீறலையும் அழிக்கவேண்டியதில்லை. ஓட்டவே வேண்டுமென்று வீட்டார் ஒருமித்துத் தீர்மானித்தால் எஞ்சினை மட்டும் செய்யுங்கள். அம்மாவைக் கேளாமல் எந்தப் பாகத்தையும் எறியவேண்டாம்.

புதுப்பித்த வண்டியின் பராமரிப்பு எளிது. போர் செய்தபின் முதல் 500 கிலோமீற்றருக்கு வேகத்தை அடக்கி ஓட்டி, இடையிலே ஒயிலை ஒருமுறை மாற்றுங்கள்; அதன் பின்னர் 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது, வடிகட்டியற்ற எஞ்சினுக்கு மிகையன்று. வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றர். கச்சான் காற்று புழுதியை அள்ளும் மாதங்களில் காற்று வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்க்கவும். மாரி தொடங்குமுன் செயினுக்கும் பிறேக் கேபிளுக்கும் ஒயில் இடவும்.

விசுவமடுவில் வாழ்ந்து, வயலுக்கும் கடைக்கும் கிளிநொச்சிக்கும் போய்வர ஒரு பழைய வண்டியைத் தாமே திருத்த விரும்புகிறவர், புத்தகமுள்ள எம்டி90 ஐயோ சீ90 ஐயோ தேர்ந்து, கையிலுள்ள பணத்தில் முதற்பங்கை எஞ்சினுக்கும், அடுத்ததைப் பிறேக்குக்கும் வெளிச்சத்துக்கும் கொடுத்து, வர்ணத்தை அடுத்த அறுவடைவரை ஒத்திவைக்கட்டும்.