பழைய லேப்டாப்பின் விலை எங்கே சரிகிறது

பழைய லேப்டாப்பை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வது அதை வாங்கிய விலையைத்தான். "அறுபத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கினதுங்க, ஒரு கீறல் இல்ல பாருங்க" என்பார்கள். பார்த்தால் கீறல் இருக்காது. மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்காமல் வைத்திருப்பார்கள். நான் அதை ஆன் செய்து, உள்ளே இருக்கும் பிராசஸர் எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடும். கோவையில் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் சிறு கடை என்னுடையது. இந்த முக வாட்டத்தைப் பார்க்காத வாரம் கிடையாது.

2020, 2021இல் நிலைமை வேறு. பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. சிப் தட்டுப்பாட்டால் புதிய சரக்கு தாமதமானது. ஓடுகிற லேப்டாப் எதுவாக இருந்தாலும் விலை போனது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் பலர் வருகிறார்கள். அந்தச் சந்தை முடிந்துபோய்விட்டது.

இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. லேப்டாப்பின் விலை வருடத்துக்கு இவ்வளவு என்று சீராகத் தேய்வதில்லை. சில இடங்களில் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. அந்தப் படி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அதற்கு முன்பே விற்றுவிடுகிறார். வாங்குகிறவருக்குத் தெரிந்தால், படிக்கு எந்தப் பக்கத்துச் சரக்கைக் காட்டி எந்த விலை கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

இப்போதைக்கு மிகப் பெரிய படி விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் அதை 2021 அக்டோபரில் வெளியிட்டபோதே, ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே உள்ள பிராசஸர்களுக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்றது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது என்று இருந்துவிட்டார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள், ஆனால் சந்தை அந்த நீட்டிப்பை மதிக்கவில்லை. ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன் சரக்கை மொத்த வியாபாரிகள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய லேப்டாப்புகளில் வரும், யு என்ற எழுத்தில் முடிகிற ஐ5 பிராசஸரில் ஏழாவது ஜெனரேஷன் வரை 2 கோர்தான். 2017இல் வந்த எட்டாவது ஜெனரேஷனில் அது 4 கோர் ஆனது. ஐ7க்கும் இதே கதைதான். அதாவது ஏழாவது ஜெனரேஷன் ஐ7-7500யு 2 கோர்; எட்டாவது ஜெனரேஷன் ஐ5-8250யு 4 கோர். பின்னது பெயரில் சின்னது, வேலையில் பெரியது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் கடைக்கு வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. பொறியியல் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். வேறொரு ஊரில் வாங்கிய லேப்டாப் மெதுவாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

"ஐ7 தான் பெஸ்ட்டுன்னு சொன்னாங்கண்ணா. ஐ5 வேண்டாம், காலேஜ் முடியற வரைக்கும் தாங்காதுன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

உள்ளே பார்த்தேன். ஏழாவது ஜெனரேஷன் ஐ7. விண்டோஸ் 11 போட்டிருந்தது, மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியது. அவர்கள் கொடுத்த பணத்துக்கு எட்டாவது ஜெனரேஷன் ஐ5 வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல பையும் மவுஸும் வாங்கியிருக்கலாம்.

"திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்களாங்க?" என்றார் அப்பா. கையில் பில் இல்லை. மெமரி காலியிடம் ஒன்று இருந்ததால் இன்னொரு 8 ஜிபி போட்டு, பின்னால் ஓடிக்கொண்டிருந்த தேவையற்றவற்றை நிறுத்திக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மனிதரின் எத்தனை நாள் கூலி அது என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஐ5, ஐ7 என்ற முன்பகுதியை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 7300 என்றால் ஏழு, 8350 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து, 1135 என்று வந்தால் பதினொன்று. வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அதை யாரும் மாற்றி ஒட்டலாம். செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைத் திறந்தால் உண்மை தெரியும். மாடல் பெயரும் போதாது. திங்க்பேட் டி480 என்றாலே எட்டாவது ஜெனரேஷன் என்று சொல்லி விற்பார்கள். அந்த மாடலிலேயே ஏழாவது போட்டதும் வந்திருக்கிறது.

விலை சரிவுக்கு அடுத்த காரணம் சரக்கின் வரத்து. பெரிய நிறுவனங்கள் லேப்டாப்புகளைப் பெரும்பாலும் மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு எடுக்கின்றன. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கொடுத்தவை குத்தகை முடிந்து மொத்தமாகத் திரும்பின. விண்டோஸ் 10 முடிவதால் மற்ற நிறுவனங்களும் பழையதைக் கழித்தன. இவை லாட் லாட்டாக ஏலத்தில் போய், பெங்களூரு எஸ்பி ரோடு, சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ் வழியாக எங்களைப் போன்ற கடைகளுக்கு வருகின்றன. லாடிட்யூட், திங்க்பேட், எலைட்புக் எல்லாம் அலுவலகத்துக்கென்றே கட்டமைக்கப்பட்டவை. கீல் உறுதி, கீபோர்டு நன்றாக இருக்கும், ஸ்பேர் எளிதில் கிடைக்கும்.

வீட்டுக்கு வாங்கிய பதினைந்து இஞ்ச் பிளாஸ்டிக் பாடி லேப்டாப்பை நீங்கள் விற்க வரும்போது, உங்களுக்குப் போட்டி இந்தச் சரக்குதான். என் ஷெல்ஃபில் இருபது எலைட்புக் வரிசையாக நிற்கும்போது உங்களுடைய ஒற்றை லேப்டாப்புக்கு நான் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இதற்கு மேல் தீபாவளி ஆஃபரில் புதிய ஐ3 லேப்டாப், ஒரு வருட வாரண்டியோடு, 35 ஆயிரத்துக்குள் கிடைத்த வருடங்களும் உண்டு. புதியதன் ஆஃபர் விலைதான் பழையதன் கூரை. அதற்கு அருகில்கூடப் பழையது போக முடியாது.

ஆப்பிளில் படி இன்னும் செங்குத்து. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்த நாளிலிருந்தே இன்டெல் மேக்புக்குகள் இறங்கத் தொடங்கின. 2025 ஜூனில், மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்தது. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய இன்டெல் மேக்புக் ப்ரோவை விட, அதற்குப் பின் வந்த சாதாரண எம்1 ஏருக்கு என் கடையில் அதிக விலை கொடுக்கிறேன். உரிமையாளர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது மிகவும் கடினம்.

எல்லாமே சரிவு என்றும் சொல்லிவிட முடியாது. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் மெமரி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதனால் 16 ஜிபி உள்ள பழைய லேப்டாப்புக்கு ஒரு தனி மதிப்பு வந்திருக்கிறது. மதர்போர்டு போன லேப்டாப்பைக்கூடக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அதிலிருக்கும் ராம், எஸ்எஸ்டி, டிஸ்ப்ளே மூன்றுக்கும் சர்வீஸ் கடைக்காரர் விலை கொடுப்பார்.

விற்கிறவர்களுக்கு என் முதல் வார்த்தை, காத்திருக்காதீர்கள் என்பதுதான். தங்கம் போலப் பீரோவில் பூட்டி வைத்தால் லேப்டாப் ஏறாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், காலமான கணவரின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்கு அதைத் தொட மனம் வரவில்லை, அது நியாயமானது. ஆனால் நெடுநாள் சார்ஜ் ஏறாமல் கிடந்து, பேட்டரி உப்பி, டச்பேடையே மேலே தள்ளியிருந்தது. அதைக் கழற்றாமல் சார்ஜ் போட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும். உள்ளே இருந்த புகைப்படங்களை எடுத்துக் கொடுத்தேன், அது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. நினைவுக்காக வைத்திருப்பது வேறு. விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டால் அந்த மாதமே விற்றுவிட வேண்டும்.

கல்லூரி திறக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விலை கொஞ்சம் நிற்கும். ஆஃபர் காலத்தில் படுத்துவிடும். ஒரிஜினல் சார்ஜரும் பில்லும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். பில் இல்லாத சரக்கைத் திருட்டோ என்ற பயத்தில் நல்ல கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். விற்பதற்காகப் புது பேட்டரி, கூடுதல் ராம் எதுவும் போட வேண்டாம், போட்ட பணம் திரும்பாது. தெரிந்தவருக்கு நேரடியாக விற்பதாக இருந்து, உள்ளே இன்னும் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மட்டும் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். வாங்குகிறவர் ஆன் செய்த அரை நிமிடத்தில் வித்தியாசத்தை உணர்வார்.

கொடுக்கும் முன் உங்கள் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வையும் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் டெலீட் போதாது. நான் வாங்கும் லேப்டாப்புகளில் ஆதார் நகல், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எழுதிய கோப்பு, குடும்பப் படங்கள் எல்லாம் அப்படியே கிடப்பதைப் பார்க்கிறேன். நான் அழித்துவிடுகிறேன். எல்லாரும் அழிப்பார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? மேக் என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவருக்கு அது பூட்டிய பெட்டி.

வாங்குகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை வேறு விதத்தில் உண்டு. அலுவலகத்திலிருந்து முறையாக விடுவிக்கப்படாத லேப்டாப் சந்தையில் வருகிறது. கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபையோடு இணைத்து முதல் அமைப்பைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொல்லிக் கேட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்துவிடுங்கள். பயாஸில் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான்.

பேட்டரியைப் பற்றிக் கடைக்காரர் "மூணு மணி நேரம் நிக்கும்" என்பார். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சர்வீஸ்காரருக்கும் இது தெரியும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடிக் கீலைக் கவனியுங்கள், எல்லா எழுத்துகளையும் தட்டிப் பாருங்கள், அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். அவசரப்படுத்துகிற கடையில் வாங்காதீர்கள்.

எட்டாவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கல்லூரி மாணவருக்கு இன்று நான் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு இது. இதற்குக் கீழே போக வேண்டிய நிலை என்றால், ஏழாவது ஜெனரேஷனை அதற்குரிய அடிமட்ட விலைக்கு வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். தட்டச்சு, இணையம், நிரல் எழுதிப் பழகுவது எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். நானே போட்டுக் கொடுக்கிறேன். விலை சரிந்ததால் முதல் முறையாக ஒரு லேப்டாப்பைச் சொந்தமாகத் தொடும் பிள்ளைகளையும் இதே கடையில்தான் பார்க்கிறேன், அதனால் இந்தச் சரிவை முழுக்கத் துக்கமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் வீட்டில் பயன்படாமல் ஒன்று கிடந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பவில்லை என்றால் சார்ஜரைத் தேடி எடுத்து, பிராசஸர் எண்ணைப் பார்த்து, இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். கேட்ட விலை மனதுக்கு ஒப்பவில்லை என்றால் திரும்பப் பீரோவில் வைக்காமல், தெருவில் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.