உலை வைக்குமுன் ஒரு பிடி

மார்த்தாண்டம்

அன்பு மக்களே ஜெபின்,

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அறை கிடைத்துவிட்டது, டெக்னோபார்க்குக்கு நடந்தே போய்விடலாம் என்று உன் அம்மா சொன்னாள். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா வரவழைத்துத் தின்கிறாய் என்றும் சொன்னாள். வயிற்றைப் பார்த்துக்கொள். அந்த நேரத்தில் மழையில் நனைந்து கொண்டுவரும் பையனுக்கு ஒரு தம்ளர் தண்ணீராவது கொடுக்கிறாயா?

முதல் சம்பளம் வந்த அன்று போனில் சொன்னாயே, "படிப்புக் கடனெல்லாம் அடைத்து ஒரு நிலைக்கு வந்தபிறகு நாலு பேருக்கு நிறையச் செய்வேன் பெரியம்மா" என்று. உன் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் கவலையாக இருக்கிறது. படிப்புக் கடன் முடிந்தால் வண்டிக் கடன் வரும், அதன் பின்னால் வீட்டுக் கடன் வரும். நிலைக்கு வந்துவிட்டேன் என்று சொன்ன மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் பாட்டி பிடியரிசி எடுத்து வைப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். உலைக்கு அரிசி அளந்ததும், களையுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். வாரத்தில் பாதி நாள் மரச்சீனி அவித்துப் பசியாறிய வீடு அது. அரிசி பொங்கிய நாளில் மட்டும் அந்தப் பிடி தவறியதே இல்லை. சோறு வடித்தபின் எடுக்கச் சொன்னால் அவளுக்கே கை வந்திருக்காது, பிள்ளைகள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருப்போமே! முதலிலேயே எடுத்துவிட்டதால் அது எங்கள் பங்கு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கேரளத்து மான்னானத்தில் சாவறா குரியாக்கோஸ் அடிகளார் 19ஆம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்து மத்தியானச் சோறு போட்டதும் இப்படிச் சேர்ந்த பிடியரிசியை வைத்துத்தான். 2014இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அந்தப் பிடியை அள்ளிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் ஆண்டவருக்குத் தெரியும்.

நீ இப்போது இருக்கிற ஊர்க் கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் எத்தனையோ வீடுகளில் ஆண்களைக் கொண்டுபோனது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது அந்தக் கரைக்காரர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போனார்கள், முன்பின் பார்த்திராத ஜனங்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்கள் கேரளக் கடற்கரையில் இருந்தார்கள். அவர்களும் நிலைக்கு வந்தபிறகு பார்ப்போம் என்று இருந்திருந்தால்?

உன் பெரியப்பாவுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த நாட்களில் நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து மெடிக்கல் காலேஜ் வாசலில் மத்தியானம் பொதிச்சோறு கொடுப்பார்கள். டி.ஒய்.எஃப்.ஐ. என்ற இடதுசாரி இளைஞர் அமைப்பின் வாலிபர்கள் 2017 புத்தாண்டு நாளில் தொடங்கியது அது. வீடு வீடாகச் சொல்லி வைத்து, அந்தந்த வீட்டுச் சமையலிலேயே கூடுதலாக ஒரு பொதி கட்டி வாங்கி வருவார்கள். வாட்டிய வாழையிலையைப் பிரித்தால் சோறு, தேங்காய்ச் சம்மந்தி, பயறுத் தோரன், ஓரத்தில் ஒரு முட்டைப் பொரியல். யார் வீட்டு அடுப்பில் வெந்ததோ! அவர்கள் என் சபையைக் கேட்கவில்லை, நானும் அவர்கள் கட்சியைக் கேட்கவில்லை. அன்றைக்கு ஆண்டவர் அந்த இலைக்குள் வைத்துத்தான் எனக்குச் சோறு அனுப்பினார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் தப்பாக நினைத்துவிடாதே மக்களே. கொடுத்தால் ஆண்டவர் உன்னை அதிகமாக நேசிப்பார் என்று இல்லை. நீ தொட்டிலில் கிடந்து அழுததைத் தவிர வேறொன்றும் செய்யாத காலத்திலேயே அவர் உன்னை முழுசாக நேசித்தாயிற்று. வேதத்தில் வரும், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையும் அன்பை விலைக்கு வாங்கப் போடவில்லை. அவர் தன்னைக் கைவிட மாட்டார் என்ற தைரியம் அவளுக்கு இருந்தது. அந்தத் தைரியம் உனக்கும் வேண்டும், அதற்காகத்தான் தினமும் ஜெபிக்கிறேன்.

ஆகவே சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் கடனுக்கும் பிரிக்குமுன், ஒரு பங்கைத் தனியே வை. சிறியதாக இருந்தாலும் போதும். ஆலயத்துக்குக் கொஞ்சம், கண்முன் நிற்கும் ஆளுக்குக் கொஞ்சம். கொடுத்ததைப் படம் எடுத்துப் போடாதே, வாங்குகிறவருக்கும் ஊரும் உறவும் உண்டு. உங்கள் கட்டிடத்தில் ராத்திரி காவல் இருக்கிற அண்ணாச்சியின் பெயரைக் கேட்டு வை. நேரத்தையும் கொடுக்கப் பழகு, உன் வயதில் அதுதான் பணத்தைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் அறையில் கூட இருக்கிற ஜார்க்கண்ட் பையனையும் கூட்டி வா. அத்தனை தூரம் போய்வர அவனுக்கு லீவு கிடைக்காது என்றாயே. அவனுக்கும் சேர்த்து முந்திரிக்கொத்து பொரிப்பேன். என்ன சாப்பிடுவான், என்ன சாப்பிடமாட்டான் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லு.

என்றும் உன்மேல் அன்புள்ள
பெரியம்மா