குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்: தில்லி ஆராய்ச்சி காட்டும் வழி

1970களில் நம் நாட்டின் சிறப்புப் புற்றுநோய் மருத்துவமனைகளிலேகூட, கடும் லிம்ஃபாய்டு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிலும் இளைஞர்களிலும், நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. 1984க்குப் பின் மூன்று மையங்களில் இந்த விகிதம் 45 முதல் 60 வரை உயர்ந்தது. புதிய மருந்து எதுவும் இந்த மாற்றத்திற்குக் காரணமன்று. பயன்பட்ட மருந்துகள் அனைத்தும் முன்னரே அறியப்பட்டவை. எனவே இவ்வுயர்வு எவ்வாறு வந்தது, ஏன் அதற்கு மேலும் உடனே உயரவில்லை என்ற இரு வினாக்களும் மருத்துவ மாணவருக்கு மட்டுமின்றி, நிர்வாகத்தில் உள்ளோருக்கும் உரியனவாகின்றன.

நோயின் தன்மை

எலும்பு மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கு முதிர்ச்சி பெறாத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது, மற்ற அணுக்களுக்கு இடமில்லாது போகிறது. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறுகிறது; தட்டணு குறைவதால் தோலில் இரத்தப் புள்ளிகளும் ஈறுகளில் கசிவும் தோன்றுகின்றன; நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாது தொடர்கிறது. எலும்பு வலியும், கழுத்தில் நெறிக்கட்டும், மண்ணீரல் வீக்கமும் உடன் வருவதுண்டு.

இவற்றுள் எந்த ஒரு குறியும் நம் நாட்டுக் குழந்தைகளிடம் அரியதன்று என்பதே இடர்ப்பாடு. வெளிறிய குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்தும், நெறிக்கட்டுள்ள குழந்தைக்குக் காசநோய் மருந்தும், காய்ச்சலுக்கு மலேரியா மாத்திரையும் தரப்படுவது இயல்பே. மூட்டுவலி எனக் கருதி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் இன்னும் சிக்கல்: அம்மருந்து புற்றணுக்களைச் சில வாரங்களுக்கு ஒடுக்கி, நோயை மறைத்துவிடும். பின்னர் நோய் வெளிப்படும்போது மருந்துக்குப் பணியாத நிலையும் நேரலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையும், ஐயம் எழுந்தால் மஜ்ஜைப் பரிசோதனையும் இத்தவற்றைத் தடுக்கப் போதுமானவை.

மருந்துகள் வந்த வழி

இந்நோய்க்கான மருந்துகளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1928 முதல் பம்பாயில் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச்சோகை ஈஸ்ட் சாற்றினால் தீர்வதைக் கண்டார். அச்சாற்றில் இருந்த சத்து பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே நிறுவன ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்து, 1940களின் நடுவில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் பணியை நடத்தினார்.

பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகளை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் விரைவடைந்தது கண்டார். சோகையைப் போக்கும் பொருள் புற்றணுவுக்கும் உணவாகியது! அவ்வாறாயின் அதற்கு எதிரான பொருள் நோயை ஒடுக்க வேண்டுமன்றோ? சுப்பாராவின் குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின் இதற்குப் பயன்பட்டது. 1948இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகக் குணம் கிட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் நெருங்கிய இனமான மெதோட்ரெக்சேட் இன்றும் இச்சிகிச்சையின் தூண்களுள் ஒன்று.

மற்றொரு முக்கிய மருந்தான வின்கிறிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படும் அதே செடிதான். ஒரு மருந்து மட்டும் தந்தால் நோய் திரும்பிவிடும்; பல மருந்துகளைச் சேர்த்துத் தந்து, மூளையையும் தண்டுவட நீரையும் உட்படுத்திச் சிகிச்சை செய்தால் பாதிக் குழந்தைகளைக் காக்கலாம் என்பதை, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்ட் பிங்கெல் நிலைநாட்டினார்.

பொதுச் சிகிச்சை நெறி

இவ்வறிவு நூல்களில் இருந்தும், நம் மருத்துவமனைகளில் பலன் தெரியவில்லை. 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த இயன் மக்ராத்தின் ஒத்துழைப்புடன், எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை நெறி வகுக்கப்பட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்று மையங்கள் அதைக் கைக்கொண்டன. மும்பையில் டாக்டர் எஸ். எச். அத்வானியும், சென்னையில் டாக்டர் வி. சாந்தாவும், தில்லியில் குழந்தை மருத்துவத் துறையின் டாக்டர் எல். எஸ். ஆர்யாவும் இம்முயற்சியோடு இணைந்த பெயர்கள்.

முதற்கட்டத்தில் வின்கிறிஸ்டின், ப்ரெட்னிசலோன், டானோரூபிசின், எல்-ஆஸ்பராஜினேஸ் ஆகிய நான்கு மருந்துகளால் நோயை அடக்குதல். அடுத்து மூளைப் பாதுகாப்பு. மீண்டும் ஒருமுறை தீவிரச் சிகிச்சை. பின்னர் வீட்டிலிருந்தே பெருமளவு மாத்திரைகளால் நீண்ட காலப் பராமரிப்பு என்பது இதன் அமைப்பு. இதில் புதுமை மருந்தில் இல்லை, ஒழுங்கில் இருந்தது. எந்நாளில் எம்மருந்து, எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டு, ஒவ்வொரு குழந்தையின் விளைவும் பதிவேட்டில் ஏறியது. பதிவேடு இருந்ததால்தான் 1990 முதல் 1997 வரை மூன்று மையங்களிலும் சிகிச்சை பெற்ற 1,048 நோயாளிகளின் விவரங்களை ஒப்பிட்டு, 2005இல் வெளியிட முடிந்தது.

அவ்வொப்பீடு சில எதிர்பாராச் செய்திகளைத் தந்தது. மேல்நாட்டுக் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் நோய் முற்றிய நிலையில் வந்தனர். டி-அணு வகை நோய் இங்கு, சிறப்பாகச் சென்னையில், அதிகம் காணப்பட்டது. மேல்நாடுகளில் விளைவை முன்னறிவிக்கும் முக்கிய அளவுகோலான வயது, இம்மூன்று மையங்களில் எதிலும் அவ்வாறு பயன்படவில்லை.

நச்சு விளைவு

மேல்நாடுகளைவிட இங்கு பலன் குறைந்ததற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது, சிகிச்சையின் நச்சு விளைவால் நேர்ந்த மரணங்களே. இதை விளங்கிக்கொள்வது அவசியம். புற்றணுவை அழிக்கும் மருந்து நல்ல வெள்ளணுக்களையும் அழிக்கிறது. அந்நாட்களில் சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். காய்ச்சல் தொடங்கிய சில மணி நேரத்திற்குள் நரம்புவழி எதிருயிரி மருந்து செலுத்தப்பட வேண்டும். தேவையானபோது தட்டணு ஏற்ற வேண்டும். தில்லியில் மருந்தேற்றிக்கொண்டு பீகார்க் கிராமத்திற்குத் திரும்பிய குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரிடம் செல்வது? உயரிய நிறுவனத்தின் திறமை, அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனையின் திறமையைச் சார்ந்தே நிற்கிறது. சுத்தமான குடிநீரும் கழிப்பிடமும் இங்கே மருந்துப் பட்டியலில் சேர வேண்டியவை.

வராத குழந்தைகள்

சிகிச்சை இரண்டாண்டுக்கு மேல் நீள்வது. முதல் மாதத்திலேயே குழந்தை தெளிவடைந்து விளையாடத் தொடங்கிவிடும். நோய் தீர்ந்தது எனப் பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. கூலி இழப்பு, வாடகை, வீட்டில் விட்டு வந்த மற்றப் பிள்ளைகள் ஆகியவையும் சேர்ந்து, நடுவழியில் சிகிச்சையைக் கைவிடச் செய்கின்றன. பொருளாதார நோக்கில் இது பெரும் விரயம். செலவின் மிகுதியான பகுதி முன்பே முடிந்திருக்க, எஞ்சிய மலிவான மாத்திரைகள் கிட்டாமையால் அனைத்தும் வீணாகிறது.

பெண் குழந்தைகளின் நிலை தனியே சொல்லத்தக்கது. இந்நோய் ஆண் குழந்தைகளிடம் சற்றே கூடுதலாக வருவது உண்மை. ஆயினும் தில்லிப் பதிவேடுகளில் காணும் வேறுபாடு உயிரியலால் மட்டும் விளக்க இயலாதது. தில்லி, சென்னை, மும்பை மையங்களின் விவரங்களைக் கொண்டு 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, வேறுபாடு சென்னையைவிடத் தில்லியில் மிகுதி. வட இந்தியாவில் தொலைவிலிருந்து வருவோரிடையே அது மேலும் கூடுகிறது. தொலைவும் செலவும் கூடும்போது எக்குழந்தை வீட்டில் நிறுத்தப்படுகிறது என்பதை இவ்வெண்கள் சொல்லிவிடுகின்றன.

உதவிகள்

2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பளிக்கிறது. அதற்கு முன்பே வந்த ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியும் உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. ஆனால் காப்பீடு அடிப்படையில் மருத்துவமனையில் பெறும் சிகிச்சையை நோக்கியது. நகரில் தங்கும் செலவும் இழந்த கூலியும் குடும்பத்தின் கணக்கிலேயே நிற்கின்றன. கைவிடுதலைக் குறைக்க விரும்பும் அதிகாரி இவ்விரண்டையும்தான் முதலில் கணக்கிட வேண்டும். தங்குமிடம் ஒன்றின் செலவு, ஒரு தீவிரச் சிகிச்சைப் படுக்கையின் செலவோடு ஒப்பிடச் சிறியது.

இன்று தில்லி, மும்பை, சென்னை மையங்களுடன் சண்டீகரும் கொல்கத்தாவும் சேர்ந்து, ஐசிக்கிள் எனப்படும் இந்தியக் கூட்டுக் குழுவாக இயங்குகின்றன. முதற்கட்டச் சிகிச்சையின் முடிவில் மஜ்ஜையில் எஞ்சியுள்ள புற்றணுக்களை நுண்ணிய முறையில் அளந்து, ஆபத்துக்கேற்பக் குழந்தைகளைப் பிரிப்பது இதன் முறை. ஆபத்து குறைந்தோருக்குத் தேவைக்கு மேல் மருந்து தருவதில்லை. முதற்கட்டத்தில் ப்ரெட்னிசலோன் கொடுக்கும் நாட்களைக் குறைத்தால் நச்சு மரணங்கள் குறையுமா என்பது அக்குழு சோதனைக்கு எடுத்துக்கொண்ட வினாக்களுள் ஒன்று.