இரண்டு சொட்டும் ஒரு சுவரொட்டியும்

நோயின் தன்மையை விளக்குவது ஒரு கலை. அதனின்று காத்துக்கொள்ளுமாறு மக்களை இணங்கச் செய்வது மற்றொரு கலை. நாட்டு நலப்பணித் திட்டத்திற்காகச் சுவரொட்டி எழுதும் நம் மாணவர் பலர் முதற்கலையில் வல்லவர், இரண்டாவதில் தடுமாறுகின்றனர். அதனைக் கற்க, இந்தியாவில் இளம்பிள்ளைவாதம் ஒழிந்த வரலாற்றை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1995-இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து நாள்கள் தொடங்கின. 'தோ பூந்த் ஜிந்தகீ கீ' (வாழ்வின் இரு துளிகள்) என்னும் தொடர் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. நான்கே சொற்கள், எழுத்தறியாத தாயும் ஒருமுறை கேட்டால் மறவாள். ஊசியில்லை, வலியில்லை, செய்ய வேண்டியது இவ்வளவே என்பதும் அதற்குள் அடங்கியிருந்தது.

ஆயினும் அந்த எளிமையே பின்னர் ஒரு வினாவை எழுப்பிற்று. "இரண்டு சொட்டு என்றீர்களே, மீண்டும் மீண்டும் ஏன் வருகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். மக்கள் நெருக்கமும் ஓயாத வயிற்றுப்போக்கும் மிகுந்த மேற்கு உத்தரப் பிரதேசத்தில், சில தடவை கொடுத்த மருந்து போதிய பயன் தரவில்லை. பல முறை கொடுக்க நேர்ந்தது. இதை யாரும் விளங்கச் சொல்லவில்லை. விடை இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது. மலடாக்கும் மருந்து என்றனர் சிலர். காய்ச்சலுக்கு மருத்துவர் கிடைக்காத ஊரில், கேளாத மருந்து மட்டும் வாசலுக்கே வந்தால் ஐயம் எழாதா? 2002-இல் நாட்டில் 1,600 பேருக்கு இந்நோய் கண்டது. பெரும்பாலோர் அம்மாநிலக் குழந்தைகள்.

நடிகர் அமிதாப் பச்சன் விளம்பரத்தில் கடிந்து பேசியதைப் பலர் புகழ்வர். அது பயன்பட்டிருக்கலாம். மூடிய கதவைத் திறந்தது அதுவன்று என்பேன். அதே தெருவில் வாழ்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்றனர். சொட்டு மருந்தோடு கைகழுவுதல், தாய்ப்பால், பிற தடுப்பூசிகள் ஆகியவற்றையும் பேசினர். இமாம்கள் பள்ளிவாசலிலிருந்து அறிவித்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் துணை நின்றன. செய்தி மாறியதை விட, சொல்பவர் மாறியதே பெரிது. 2010-இல் வந்த மேம்பட்ட மருந்திற்கும் பெரும் பங்குண்டு. அதை மறைத்தல் ஆகாது. 2009-இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2011-இல் ஒன்றாயிற்று. அவ்வாண்டு சனவரியில் ஹவுராவில் கண்டதே இறுதி. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழும் கிடைத்தது.

இனி நம் விடுதிக்கு வருவோம். தில்லியில் கோடைக்கு வைத்த கூலர்களில் மழைக்காலத்தில் டெங்குக் கொசு பெருகும். 'சுற்றுப்புறத் தூய்மை காப்போம், டெங்குவை ஒழிப்போம்' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார். தம் அறை தூய்மையாக இருப்பதாகவே ஒவ்வொருவரும் எண்ணுவர். அக்கொசுவோ தெளிந்த நீரிலும் வளரும். 'ஞாயிறுதோறும் கூலர் நீரைக் கொட்டுங்கள்; உட்புறத்தைத் தேய்த்துக் காயவிடுங்கள்' என எழுதிப் பாருங்கள். ஏன் தேய்க்க வேண்டும்? முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஏன் வாரந்தோறும்? முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள்களே போதும்.

எழுதியதை உணவு விடுதிச் சமையற்காரரிடம் இந்தியில் சொல்லிக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேளாதீர்கள், மரியாதைக்கு "ஆம்" என்பார். "ஞாயிறன்று என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "அத்தனை பெரிய கூலரை நான் ஒருவனாகக் கவிழ்ப்பது எப்படி, தம்பி?" என்று அவர் கேட்டால், குவளையால் மொண்டு, எஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுக்கும் வழியையும் சுவரொட்டியில் சேர்த்தாக வேண்டும். தேய்க்க ஒரு நாரையும் கூலர் அருகிலேயே கட்டித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.