ஏடும் குரலும்

ஏட்டில் ஐயம் எழுந்தால் ஏட்டை வினவ இயலாது. எழுதியவர் எதிரே அமர்ந்திருப்பின் வினவலாம். பேட்டியின் பயன் இதுவே. பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவுவார் அம்மையார் 1949-இல் ‘இரண்டாம் பாலினம்’ என்னும் பெருநூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். பெண்ணின் தாழ்நிலை இயற்கை வகுத்ததன்று, குழந்தைப் பருவந்தொட்டுச் சமுதாயம் வனைந்ததே என்பது அதன் உட்கிடை. 1956-இல் கத்தோலிக்கத் திருச்சபை அதனை விலக்கப்பட்ட நூல்களின் வரிசையில் சேர்த்தது. 1959-இல் கனடா நாட்டு ஒலிபரப்பு நிலையத்தார் அவரைப் பேட்டி கண்டனர். சமயத் தலைமையின் எதிர்ப்பால் அஃது அன்று ஒளிபரப்பாகவில்லை. ஏட்டை விலக்கியோர் குரலையும் விலக்கினர்!

மாணவர் உற்றுநோக்கத் தக்கது மற்றொன்றுண்டு. நூல் எழுதிய நாளில் அம்மையார் தம்மைப் பெண்ணியவாதி என்று கூறிக்கொள்ளவில்லை. பொதுவுடைமை மலர்ந்தால் பெண்ணடிமை தானே ஒழியும் என நம்பியிருந்தார். பொதுவுடைமை நாடுகளிலும் வீட்டுப்பணி பெண்டிர் தோள்மீதே கிடந்தது. எனவே, 1972-இல் ஆலிஸ் ஷ்வார்ட்சர் என்னும் செருமானியப் பெண் இதழாளரிடம் தம் கருத்து மாறியதை ஒளியாது உரைத்தார். புகழ் எய்தியபின் பழைய கருத்தைத் திருத்திக்கொள்ளும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று. எம் போன்ற பண்டிதர்க்கோ, சொல்லவே வேண்டா.

1975-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ழான் லூயி செர்வான் ஷ்ரைபர் என்னும் இதழாளர் வினாத் தொடுத்தார். அம்மையாருக்கு அப்போது அகவை 67. தாம் பெண்ணியவாதியானது ஏன் என்பதை விளக்கினார். ஆண் பெண் உடல் வேறுபாட்டை அவர் மறுக்கவில்லை. அவ்வேறுபாட்டின்மேல் உயர்வு தாழ்வை ஏற்றியது மனிதர் வரலாறே என்றார். 26 ஆண்டுகட்குமுன் ஏட்டில் எழுதிய கருத்து, அவர்தம் குரலிலேயே இல்லந்தோறும் கேட்டது.